என்எம்ஆர் கருவியில் ஷிம் செய்வது எப்படி: ட்யூப் கழுவுவதிலிருந்து பீக் நேராவது வரை

ஓசூர்ப் பக்கம் 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் (சாம்பிளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி) உள்ள ஒரு ஆய்வகத்தில் எனக்கு வேலை. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் இருந்து ஆராய்ச்சி மாணவர்கள் சாம்பிளோடு வருவார்கள். சிலர் ட்யூபைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சிலர் தாங்களே கருவியில் உட்காருவார்கள். உட்காருபவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பீக் (ஸ்பெக்ட்ரத்தில் எழும் கூர்முனை) அகலமாக வந்ததும் கை நேராக ஷிம் பட்டனுக்கு, அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கும் பட்டனுக்கு, போய்விடும். பத்தில் எட்டு முறை கோளாறு ஷிம்மில் இருக்காது. ட்யூபில், திரவத்தின் உயரத்தில், வெப்பநிலையில் அல்லது லாக்கில் இருக்கும். (லாக் என்பது கரைப்பானில் உள்ள டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனின் சமிக்ஞையைப் பிடித்து, புலம் நகராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.) ஷிம் என்பது வரிசையில் கடைசி வேலை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 400 மெகாஹெர்ட்ஸ் என்றால் 40 கோடி ஹெர்ட்ஸ். பீக்கின் அகலம் 1 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டுமானால், காயிலுக்குள் (சமிக்ஞையை வாங்கும் சுருள்) நிற்கும் திரவம் முழுவதிலும் காந்தப்புலம் 40 கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறக் கூடாது. எந்தக் காந்தமும் அதைத் தானாகத் தந்துவிடாது. கருவியை நிறுவும்போது பொறியாளர் ஹீலியத்துக்குள் இருக்கும் மீகடத்தி ஷிம்களைச் சரிசெய்து பூட்டிவிட்டுப் போவார். மிச்சத்தைத் திருத்தத்தான், காயிலைத் தாங்கிச் சாம்பிளை வாங்கிக்கொள்ளும் ப்ரோபைச் சுற்றி இருக்கும் செப்புச் சுருள்களில் சிறு மின்னோட்டம் விடுகிறோம். நம் கை படுவது இந்த அறைவெப்ப ஷிம்களில் மட்டும். ஒவ்வொரு சாம்பிளும் தன் பங்குக்குப் புலத்தைக் கொஞ்சம் கலைக்கும் என்பதால்தான் ட்யூப் மாறும்போதெல்லாம் இந்த வேலை திரும்ப வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல 5 மி.மீ. ட்யூப் ஒன்று. நல்லது என்றால் நேரானது, சுவர் ஒரே தடிமன் கொண்டது, 400 மெகாஹெர்ட்ஸுக்குத் தகுந்தது என்று தயாரிப்பாளர் குறித்தது. விலை குறைவு என்று மொத்தமாக வாங்கிய ட்யூபில் வளைவு இருக்கலாம். மேஜைக் கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருண்டால் அதை ஓரம் வையுங்கள்.

டியூட்டீரியம் கரைப்பான், 1 மி.லி. பிப்பெட், பாஸ்டர் பிப்பெட், அதன் கழுத்தில் அடைக்கச் சிறு பஞ்சு, பஞ்சிழை ஒட்டாத துடைப்புத் தாள், ஸ்பின்னர் (ட்யூபைப் பிடித்து நிறுத்தும் உருளை), டெப்த் கேஜ் (ட்யூப் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று பார்க்கும் அளவி). இவற்றோடு அந்த ப்ரோபுக்குக் கடைசியாகச் சேமித்த நல்ல ஷிம் கோப்பின் பெயர். இந்தப் பெயர் தெரியாமல் கருவியில் உட்காராதீர்கள். ஏதாவது கலைந்தால் திரும்பிப் போக இடம் வேண்டும்.

பர்ஸ், செல்போன், சாவி எல்லாம் வெளியே. இரும்பு நாற்காலி, கேஸ் சிலிண்டர் தள்ளுவண்டி போன்றவை காந்தத்தின் அருகே வந்தாலே ஆபத்து. தூரத்தில் நின்றால்கூட இருந்த இடத்தை விட்டு நகர்ந்தால் இசட்1 (ட்யூபின் நீளவாக்கு ஷிம்), எக்ஸ், ஒய் (குறுக்குவாட்டு ஷிம்கள்) மூன்றும் லேசாகக் கலையும். உடலில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

திரவ நைட்ரஜன் நிரப்பிய உடனே ஷிம் செய்ய உட்காராதீர்கள். நிரப்பும்போது அழுத்தமும் குளிர்ச்சியும் மாறுவதால் புலம் கொஞ்ச நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது கண்டுபிடித்த ஷிம் மதியத்துக்குள் பொய்யாகிவிடும்.

2. சாம்பிளைத் தெளியவைத்தல்

திரவத்தில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள புலத்தை வளைக்கும். துகளுக்கும் திரவத்துக்கும் காந்த ஏற்புத்திறன் (புலத்துக்குள் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) வேறு என்பதுதான் காரணம். எந்த ஷிம் சுருளும் அத்தனை சின்ன இடத்தில் நடக்கும் வளைவைத் திருத்த முடியாது. ஆகவே வடிகட்டுங்கள். பாஸ்டர் பிப்பெட் கழுத்தில் பஞ்சை இறுக்காமல் வைத்து, முதலில் அரை மி.லி. சாதாரணக் கரைப்பானால் கழுவி உலர்த்தி, பிறகு சாம்பிளை விடுங்கள். கழுவாத பஞ்சில் இருந்து வரும் எண்ணெய்ப்பசை 1.2 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தில் இடத்தைக் குறிக்கும் அளவு) பக்கம் பீக்காக வந்து நிற்கும்.

சித்தேரி மலை மூலிகைகள், மாவிலை, மாம்பழத் தோல் போன்றவற்றின் சாறுகளில் இன்னொரு தொல்லை உண்டு. இரும்பு, மாங்கனீசு, செம்பு போன்ற அயனிகள் கூடவே இறங்கிவிடும். இவை பாராகாந்தத் தன்மை கொண்டவை. கரைந்த நிலையில் இருந்தால் சமிக்ஞையைச் சீக்கிரம் அழித்து பீக்கை அகலமாக்கும். இதை ஷிம் தொடவே முடியாது. ஆய்வகத்தில் முன்கூட்டியே ரெசின் வழியாகவோ உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கொண்டோ நீக்கிவிட்டு வாருங்கள். எஃகு ஸ்பேட்டுலாவால் சுரண்டி எடுத்த திடப்பொருளில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்கு இருக்கலாம். பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா போதும்.

தூரத்தில் இருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பிளைக் கரைத்து ட்யூபில் ஊற்றி பஸ்ஸில் கொண்டு வராதீர்கள். கத்திரி வெயிலில் குளோரோஃபார்ம் மூடி வழியாகவே ஆவியாகும். இங்கே வந்து பார்த்தால் நாலு செ.மீ. இருந்தது மூன்றாகி இருக்கும். உலர்ந்த பொடியாகக் குப்பியில் கொண்டு வந்து இங்கேயே கரையுங்கள்.

மார்கழியில் நடப்பது வேறு. டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் சுமார் 20 டிகிரியில் உறையும். ஓசூர்க் குளிரில் காலையில் பாட்டில் கட்டியாக நிற்பது இங்கே சாதாரணம். பாதி உருகிய பாட்டிலில் இருந்து எடுக்காதீர்கள். உள்ளங்கையில் வைத்து முழுக்க உருகவிட்டு, குலுக்கி, பிறகு எடுங்கள். ஏசியை 18-ல் வைத்த அறையில் ட்யூபை வரிசையில் நிறுத்தினாலும் இதே கதைதான்.

3. உயரமும் இடமும்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

5 மி.மீ. ட்யூபில் திரவம் 4 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். அதற்கு 0.55 மி.லி. தேவை. காயில் பார்ப்பது நடுவில் உள்ள 2 செ.மீ.க்கும் குறைவான பகுதியைத்தான். பிறகு மேலும் கீழும் எதற்கு? திரவம் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் காந்த ஏற்புத்திறன் சட்டென்று மாறுகிறது. அங்கே புலம் வளைகிறது. அந்த வளைவு காயிலுக்கு வெளியே தள்ளி நிற்க வேண்டும். கரைப்பானை மிச்சப்படுத்த 0.4 மி.லி. மட்டும் ஊற்றினால் வளைவு காயிலின் விளிம்புக்கே வந்துவிடும். இசட்4, இசட்5 என்ற உயர்வரிசை ஷிம்கள் வரை திருத்தினாலும் அடிப்பகுதியில் புடைப்பு போகாது.

சாம்பிள் உண்மையிலேயே குறைவு என்றால், கரைப்பானை 0.55-க்கு ஏற்றிவிட்டு ஸ்கேன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதுவும் ஆகாது என்றால் ஷிகெமி ட்யூப். அதன் கண்ணாடி, கரைப்பானின் காந்த ஏற்புத்திறனுக்குப் பொருந்துமாறு செய்யப்பட்டது. டிஎம்எஸ்ஓவுக்கு ஒன்று, டி2ஓவுக்கு (கன நீர்) ஒன்று என்று தனித்தனியாக உண்டு. மாற்றிப் போட்டால் பயன் இல்லை.

ரொம்ப அதிகமாக ஊற்றுவதும் வீண். 6 செ.மீ. திரவம் ஷிம்மைக் கெடுக்காது. ஆனால் செறிவு குறையும், வெப்பம் மேலும் கீழும் சமமாகாது.

அடுத்து ஸ்பின்னர். ட்யூபைத் துடைத்து, டெப்த் கேஜில் நிறுத்தி, திரவத்தின் நடுப்புள்ளி கேஜில் உள்ள காயில் மையக் கோட்டில் வருமாறு தள்ளுங்கள். ட்யூபின் அடி கேஜின் தரையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ப்ரோபுக்குள் இடிக்கும். திரவம் சரியாக 4 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கேஜ்களில் அடி தரையைத் தொடும் இடமே சரியான இடம்.

எல்லா ட்யூபும் ஒரே உயரம், ஒரே கரைப்பான், ஒரே ஆழம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சாம்பிளில் இருந்து அடுத்ததற்கு இசட்1, இசட்2 மட்டும்தான் கொஞ்சம் நகரும். பத்து சாம்பிள் கொண்டு வருபவர் பத்தையும் அளந்து ஊற்றினால் அன்றைய மொத்த நேரமும் பாதியாகும். பஞ்சாலும் பிப்பெட்டாலும் ஆகும் வேலையை யாரும் மதிப்பதில்லை. கருவியில் உட்கார்ந்து திருகுவதுதான் விஞ்ஞானம் என்று நினைக்கிறார்கள்.

குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கெட்டியான திரவங்களில் குமிழி அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ட்யூபை விரலால் தட்டி மேலே ஏற்றுங்கள்.

4. வெப்பம் சமநிலைக்கு வரட்டும்

ட்யூப் இறங்கிய உடனே ஷிம் தொடங்காதீர்கள். 298 கெல்வினில் வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். வெயிலில் வந்த ட்யூப், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ட்யூப் என்றால் இன்னும் கூடுதலாக. மேல் பகுதி ஒரு வெப்பம், கீழ்ப் பகுதி ஒரு வெப்பம் என்று இருக்கும்போது திரவத்தின் அடர்த்தி மாறி உள்ளுக்குள் சுழற்சி நடக்கும். ஷிம் அந்த நேரத்து நிலைக்குத்தான் பொருந்தும்.

டி2ஓ சாம்பிளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தண்ணீரின் வேதிப்பெயர்ச்சி (ஸ்பெக்ட்ரத்தில் பீக் நிற்கும் இடம்) ஒரு டிகிரிக்குச் சுமார் 0.01 பிபிஎம் நகர்கிறது. 400 மெகாஹெர்ட்ஸில் அது 4 ஹெர்ட்ஸ். லாக் பிடித்திருப்பதே அந்தத் தண்ணீரின் டியூட்டீரியத்தைத்தான் என்பதால், வெப்பம் நிலைக்கும் வரை லாக்கும் பீக்குகளும் ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டிருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் ப்ரோபை ட்யூன் செய்து (அளக்கும் அதிர்வெண்ணுக்குப் பொருத்தி) முடித்துவிடுங்கள். அது புலச் சீர்மையை மாற்றாது, ஆனால் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை.

5. பழைய நல்ல ஷிம்மை ஏற்றிவிட்டு லாக்

முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போன ஷிம்மில் இருந்து தொடங்க வேண்டாம். அவர் பாதி ஊற்றிய ட்யூபுக்காக இசட்4-ஐ எங்கேயோ இழுத்து வைத்திருப்பார். உங்கள் கரைப்பானுக்கும் ப்ரோபுக்கும் சேமித்த கோப்பை ஏற்றுங்கள்.

கரண்ட் போய் வந்த நாளில் இது கட்டாயம். மீகடத்திக் காந்தத்துக்கு மின்சாரம் தேவையில்லை, அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் அறைவெப்ப ஷிம் சுருள்களின் மின்னோட்டம் கன்சோலில் இருந்து வருவது. யுபிஎஸ் கைவிட்டால் அது நின்றுவிடும். கன்சோல் மீண்டும் ஏறியதும் கோப்பை ஏற்றி, சுருள்கள் சூடாகி நிலைக்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இப்போது லாக். பட்டியலில் கரைப்பானைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மெத்தனாலில் டியூட்டீரியத்துக்கு இரண்டு சமிக்ஞை உண்டு. மெத்தில் தொகுதியைப் பிடிக்க வேண்டும், ஹைட்ராக்சிலை அல்ல. குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த சாம்பிளில் எதைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக் பிடித்ததும் இரண்டு சோதனை. முதலில் லாக் பவர். அதைக் கொஞ்சம் கூட்டினால் லெவல் (திரையில் தெரியும் லாக் சமிக்ஞையின் உயரம்) ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஏறிவிட்டு மெல்லச் சரிந்தாலோ, ஊசலாடினாலோ டியூட்டீரியம் நிறைவுநிலைக்கு, அதாவது அதற்குமேல் பவரை ஏற்க முடியாத நிலைக்கு, போய்விட்டது. பவரைக் குறைத்து, தேவையானால் கெயினை (வந்த சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) கூட்டுங்கள். அசிட்டோன் இதில் ரொம்பச் சீக்கிரம் நிறைவடையும். நிறைவடைந்த லாக், ஷிம் மாறியதால் ஏறுகிறதா தன்னால் ஆடுகிறதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் லாக் ஃபேஸ். லெவல் உச்சத்துக்கு வரும்வரை திருப்புங்கள். ஃபேஸ் தப்பாக இருந்தால் ஷிம்மைச் சரியான பக்கம் நகர்த்தும்போதும் லெவல் இறங்கும். நீங்கள் தப்பான பக்கம் போய்க்கொண்டே இருப்பீர்கள். ஷிம் வெகுவாக மாறினால் ஃபேஸையும் திரும்பப் பாருங்கள்.

லெவலைத் திரையின் எழுபது சதவீதத்தில் வையுங்கள். மேலே முட்டி நின்றால் அதற்குப் பிறகு என்ன செய்தாலும் ஏற்றம் தெரியாது.

6. கிரேடியன்ட் ஷிம்

ப்ரோபில் கிரேடியன்ட் சுருள் (நீளவாக்கில் புலத்தை வேண்டுமென்றே சாய்த்துத் தரும் சுருள்) இருந்தால் டாப்ஷிம் போன்ற தானியங்கி முறையை ஓட்டுங்கள். அது ட்யூபின் நீளவாக்கில் புலத்தைப் படம் பிடித்து, இசட்1 முதல் இசட்5 வரை கணக்குப் போட்டு ஒரேயடியாகத் திருத்திவிடும். கையால் அரை மணி நேரம் ஆவது ஒரு நிமிடத்தில் முடியும். ட்யூபைச் சுழற்றாமல் செய்யுங்கள்.

இது முடியாமல் நின்றாலோ மோசமான விடை தந்தாலோ காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். திரவ உயரம் குறைவு. கரைப்பான் தேர்வு தப்பு. இரண்டு டியூட்டீரியம் கரைப்பான் கலந்திருப்பது. அப்போது படத்தில் இரண்டு கோடு ஒன்றோடொன்று குழம்பும். அதிக வெப்பத்தில் குளோரோஃபார்ம் போன்ற மெல்லிய திரவம் உள்ளே சுழல்வது. தொண்ணூறு சதவீதம் தண்ணீர் உள்ள சாம்பிள் என்றால் டியூட்டீரியத்தை விட்டுவிட்டு தண்ணீரின் புரோட்டானை வைத்தே படம் பிடிக்கச் சொல்லலாம்.

சாதாரண டாப்ஷிம் நீளவாக்கை மட்டும் பார்க்கிறது. குறுக்குவாட்டில் உள்ள எக்ஸ், ஒய் வகையை அது இந்த ஓட்டத்தில் படம் பிடிப்பதில்லை. எட்டாவது பிரிவை அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

7. கையால் ஷிம்: இசட் வரிசை

கிரேடியன்ட் இல்லாத ப்ரோப் உள்ள இடங்கள் இன்னும் இருக்கின்றன. கிரேடியன்ட் இருந்தாலும் கடைசித் திருத்தம் கையில்தான் வரும்.

முதலில் இசட்1. ஒரு பக்கம் நகர்த்துங்கள், லெவல் ஏறினால் தொடருங்கள், இறங்கத் தொடங்கியதும் உச்சத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் இரண்டு மூன்று நொடி நில்லுங்கள். டியூட்டீரியம் சமிக்ஞை மெதுவாகத்தான் பதில் சொல்லும், குளோரோஃபார்மில் இன்னும் மெதுவாக. வேகமாகத் திருகுபவர் பார்ப்பது முந்தைய அசைவின் விடையை.

அடுத்து இசட்2. அதை உச்சத்துக்குக் கொண்டுவந்தால் இசட்1 கலைந்திருக்கும். சாம்பிளின் நடுவும் ஷிம் சுருளின் நடுவும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக நிற்பதில்லை என்பதே காரணம். சற்று விலகி நிற்கும் இசட்2 தன்னுள் கொஞ்சம் இசட்1-ஐயும் கலந்தே தரும். கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் தளர்வது மாதிரி. அதனால் இசட்2-ஐத் தனியாக உச்சத்துக்கு ஏற்றுவது முறையே அல்ல.

சரியான முறை இது. இப்போதைய லெவலைக் குறித்துக்கொள்ளுங்கள். இசட்2-ஐ ஒரு பக்கமாக, லெவல் கண்ணுக்குத் தெரிந்து இறங்கும் அளவு நகர்த்துங்கள். பிறகு இசட்1-ஐ உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பு குறித்ததைவிட அதிகமா? அதே பக்கம் இன்னொரு அடி. குறைவா? இசட்2-ஐ மறுபக்கம். இரண்டு பக்கமும் குறையும் இடம் வரும்வரை. லெவல் இறங்கியதும் பயந்து கையை எடுத்துவிடுபவர்கள், பக்கத்தில் இருக்கும் உயரமான சிகரத்தைப் பார்க்காமல் சின்ன மேட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

இசட்3-க்கும் இதே முறை. இசட்3 ஒரு அடி, பிறகு இசட்1, பிறகு இசட்2. இசட்4 என்றால் அதற்குப் பின் இசட்2, இசட்3, இசட்1 மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இசட்5-ஐ அன்றாட சாம்பிளுக்குத் தொட வேண்டாம். தொட வேண்டிய நிலை வந்தால் பெரும்பாலும் திரவ உயரத்தில்தான் பிழை.

எதைத் திருக வேண்டும் என்பதை பீக்கின் வடிவமே சொல்லும். பீக் இரண்டு பக்கமும் சமமாக அகலமா? ஒற்றைப்படை. மேலேயே அகலம் என்றால் இசட்1, அடியில் இரு பக்கமும் பாதம் விரிந்தால் இசட்3. ஒரு பக்கம் மட்டும் வால் நீள்கிறதா? இரட்டைப்படை. வால் பாதி உயரத்தில் இருந்தே தொடங்கினால் இசட்2, தரையை ஒட்டித் தாழ்வாக நீண்டால் இசட்4. இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

8. எக்ஸ், ஒய் வகை

ட்யூபைச் சுழற்றாமல் செய்யுங்கள். சுழற்சி குறுக்குவாட்டுக் குறையைச் சராசரியாக்கி மறைத்துவிடும், அதனால் என்ன திருத்துகிறோம் என்றே தெரியாது.

வரிசை: எக்ஸ், ஒய். பிறகு எக்ஸ்இசட் நகர்த்தி எக்ஸைத் திரும்ப, ஒய்இசட் நகர்த்தி ஒய்யைத் திரும்ப. பிறகு எக்ஸ்ஒய், எக்ஸ்2-ஒய்2. கடைசியில் இசட்1, இசட்2 ஒரு சுற்று.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, 20 ஹெர்ட்ஸில் சுழற்றி ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். பெரிய பீக்கின் இரு பக்கமும் 20 ஹெர்ட்ஸ் தள்ளிச் சின்னக் குட்டி பீக் நின்றால் எக்ஸ், ஒய், எக்ஸ்இசட், ஒய்இசட் இன்னும் பாக்கி. 40 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் எக்ஸ்ஒய், எக்ஸ்2-ஒய்2. உண்மையான மாசு பீக்கா என்று சந்தேகம் வந்தால் சுழற்சி வேகத்தை மாற்றுங்கள். குட்டி பீக் இடம் மாறும், மாசு மாறாது. இருபரிமாண சோதனைகளை எப்போதும் சுழற்றாமல்தான் எடுக்க வேண்டும்.

9. லாக் எண்ணை விட்டுவிட்டு பீக்கைப் பாருங்கள்

“அண்ணா, லாக் எண்பதுல நிக்குதுங்க, பீக் மட்டும் ஏன் இப்படி வருது?” இந்தக் கேள்வி வாராவாரம் வரும். லாக் லெவல் என்பது டியூட்டீரியம் பீக்கின் உயரம் மட்டும். கெயினைக் கூட்டினாலே ஏறும் எண் அது. அடியில் இருக்கும் சின்னப் புடைப்பு உயரத்தை அதிகம் குறைக்காது, ஆனால் உங்கள் ஸ்பெக்ட்ரத்தில் பக்கத்துப் பீக்கை மூடிவிடும்.

ஆகவே ஒரே ஒரு ஸ்கேன் எடுங்கள். லைன் பிராடனிங் (கணினி பீக்கைச் செயற்கையாக அகலமாக்குவது) பூஜ்யம். தரவு எடுக்கும் நேரம் குறைந்தது 4 நொடி. நேரம் குறைவாக வைத்தால் எஃப்ஐடி (நேரத்தோடு தேய்ந்து மறையும் மூலச் சமிக்ஞை) பாதியில் வெட்டுப்பட்டு, பீக்கின் இரு பக்கமும் அலை அலையாக வரும். அதை ஷிம் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் திருகுபவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எந்தப் பீக்கைப் பார்ப்பது? டிஎம்எஸ் (பூஜ்ய பிபிஎம் இடத்தைக் குறிக்கச் சேர்க்கும் பொருள்) இருந்தால் அதுதான் நல்ல சாட்சி. அதன் இரு பக்கமும் 3.3 ஹெர்ட்ஸ் தள்ளி சிலிக்கான்-29 தரும் சிறு பீக்குகள் தனியாகப் பிரிந்து தெரிந்தால் ஷிம் நன்றாக இருக்கிறது. டிஎம்எஸ்ஓவில் 2.50 பிபிஎம் பீக்கைப் பெரிதாக்குங்கள். 1.9 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து கோடு, 1:2:3:2:1 உயரத்தில், நடுவே பள்ளத்தோடு தெரிய வேண்டும். ஐந்தும் சேர்ந்து ஒரு மேடாகத் தெரிந்தால் இசட்1-க்குத் திரும்புங்கள். குளோரோஃபார்மில் 7.26 ஒற்றைக் கோடு.

டிஎம்எஸ்ஓவில் 3.33 பக்கம் நிற்கும் தண்ணீர் பீக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். புரோட்டான் பரிமாற்றத்தால் அது இயல்பிலேயே அகலம். ஓஎச், என்எச் பீக்குகளும் அப்படித்தான்.

எவ்வளவு போதும் என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாவிலையில் இருந்து மாஞ்சிஃபெரின் (சர்க்கரை சேர்ந்த ஒரு சேர்மம்) பிரித்து வருபவருக்குச் சர்க்கரையின் முதல் புரோட்டான் சுமார் 10 ஹெர்ட்ஸ் பிளவு. 2 ஹெர்ட்ஸ் அகலமான பீக்கிலும் அது தெரியும். ஆனால் பென்சீன் வளையத்தில் மெட்டா பிணைப்பின் 2 ஹெர்ட்ஸ் பிளவைத் தேடுபவருக்கு 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தே ஆக வேண்டும். கார்பன் மட்டும் எடுப்பவர் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கார்பனின் அதிர்வெண் புரோட்டானில் கால் பங்கு என்பதால், அதே புலக் கோளாறு அங்கே கால் பங்கு ஹெர்ட்ஸாகத்தான் தெரியும்.

10. ஷிம்மால் தீராதவை

அரை மணி நேரத்துக்கு மேல் திருகியும் பீக் சரியாகவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எல்லாப் பீக்கும் ஒரே மாதிரிதான் கெட்டிருக்கிறதா?

டிஎம்எஸ்ஸில் இருந்து பென்சீன் வளையம் வரை எல்லாவற்றுக்கும் அதே பக்கம் அதே வால் என்றால் புலக் கோளாறு. ஷிம், உயரம், துகள், வெப்பம் என்று திரும்பிப் போங்கள். கரைப்பான் பீக் கத்தி மாதிரி நின்று, உங்கள் சேர்மத்தின் பீக் மட்டும் அகலம் என்றால் அது வேதியியல். பரிமாற்றம், மூலக்கூறுகள் ஒன்றுசேர்தல், அதிகச் செறிவு, உலோக அயனியோடு பிணைப்பு என்று காரணம் அங்கே இருக்கும்.

நம் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, அதனால் அதன் பசையோடு வருபவர்களுக்கும் பஞ்சமில்லை. அது சைலோகுளுக்கான் என்ற பெரும் பல்சர்க்கரை. டி2ஓவில் கெட்டியாக, மெதுவாகச் சுழலும் மூலக்கூறு. பீக்குகள் மேடு மேடாகத்தான் வரும். எந்த ஷிம்மும் அதைக் கூர்மையாக்காது. செறிவைக் குறைத்து, 60 அல்லது 70 டிகிரிக்குச் சூடாக்கினால் கொஞ்சம் தெளியும். சூடாக்கிய பிறகு ஷிம்மைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் ப்ரோபின் பாகங்களும் சாம்பிளும் வெப்பத்தோடு மாறும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் ட்யூபை எடுத்துவிட்டு, ஆய்வகத்தில் முத்திரையிட்டு வைத்திருக்கும் தர சாம்பிளைப் போடுங்கள். அசிட்டோனில் 1 சதவீதம் குளோரோஃபார்ம். அதுவும் கெட்டால் கருவி, அது நன்றாக வந்தால் உங்கள் சாம்பிள். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு.

11. சேமிப்பு, பராமரிப்பு

அந்தத் தர சாம்பிளை மாதம் ஒரு முறையாவது வைத்து, சுழற்றாமல் ஷிம் செய்து, குளோரோஃபார்ம் பீக்கின் அகலத்தை மூன்று உயரத்தில் அளந்து எழுதுங்கள்: 50 சதவீதம், 0.55 சதவீதம், 0.11 சதவீதம். 0.55 என்பது கார்பன்-13 தரும் சிறு பீக்கின் உயரம், 0.11 அதில் ஐந்தில் ஒன்று. 50 சதவீத எண் இசட்1, இசட்2-இன் கதையைச் சொல்லும். மற்ற இரண்டும் அடிப்புடைப்பை, அதாவது உயர்வரிசை ஷிம்களைச் சொல்லும். கருவி நிறுவிய அன்று பொறியாளர் எழுதித் தந்த எண்களோடு ஒப்பிடுங்கள். முதல் எண் அப்படியே இருக்க, மற்ற இரண்டும் மாதாமாதம் ஏறினால் ப்ரோபுக்குள் ஏதோ சிந்தியிருக்கலாம். பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நன்றாக வந்த ஷிம்மைத் தேதி, ப்ரோப், கரைப்பான் மூன்றும் தெரியும் பெயரில் சேமியுங்கள். ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி2’ என்றெல்லாம் பெயர் வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது. குறை வைத்த ட்யூபுக்காகச் செய்த ஷிம்மை நல்ல கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள். ஆய்வகத்தின் தாய்க் கோப்பு ஒன்றை எல்லாரும் படிக்கலாம், பொறுப்பாளர் மட்டும் மாற்றலாம் என்று பூட்டி வைப்பது நல்லது.

இரவு முழுக்க ஓடும் சோதனைக்கு ஆட்டோஷிம் போடலாம். இசட்1, இசட்2 மட்டும், சின்ன அடியில். லாக் சமிக்ஞை பலவீனமாக, ஆடிக்கொண்டிருந்தால் போடாதீர்கள். இரைச்சலைத் துரத்திக்கொண்டு அது ஷிம்மை எங்கேயோ கொண்டுபோய் விடும்.

வேலை முடிந்ததும் ட்யூபை எடுத்து, தாய்க் கோப்பைத் திரும்ப ஏற்றி, வெப்பநிலையை 298-க்குக் கொண்டுவந்து, பதிவேட்டில் கரைப்பானையும் ஷிம் கோப்பின் பெயரையும் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.